கேளுங்கள், சொல்கிறேன்: விடிய விடியப் பாட்டுப் போட்டவர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரவு, ஆட்டம், டிஜே என்றே சுற்றிச் சுற்றி வருகின்றன. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் பற்றிக் கேட்டவர் கோபிக்க வேண்டாம்.

அண்ணா, ஃபோனில் பெர்லின், நியூயோர்க் கிளப்புகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். இங்கே ஒன்பது மணிக்கே கடையைப் பூட்டிவிடுகிறார்கள். அதையெல்லாம் பெரிய பணக்காரர்கள்தானே கட்டியிருப்பார்கள்?
*தருமபுரம் வாசகர், வயது 19*

இல்லை தம்பி, காசு பின்னால்தான் வந்தது. தொடக்கி வைத்தவர்கள் பெரும்பாலும் வேறெங்கும் உள்ளே விடப்படாத ஆட்கள்.

டேவிட் மன்குசோ அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே ஒரு கன்னியாஸ்திரி பிள்ளைகளுக்குப் பலூன் கட்டி ரெக்கோட் போட்டுக் காட்டுவாராம். வளர்ந்த பிறகு 1970 பெப்ரவரி 14 அன்று நியூயோர்க்கில் தான் குடியிருந்த மாடி வீட்டிலேயே ஒரு ஆட்ட இரவு வைத்தார். பலூனும் இருந்தது, மிக நல்ல ஸ்பீக்கர்களும் இருந்தன, ஆனால் சாராயம் விற்கவில்லை. அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகலாம். ‘த லொஃப்ட்’ என்று பேர் எடுத்த அந்த வீட்டுக்கு வந்தவர்களில் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் நிறையப் பேர். அந்தக் காலத்தில் ஆணும் ஆணும் வெளியே சேர்ந்து ஆடினால் பொலிஸ் பிடிக்கும். இந்த வரலாற்றைச் சொல்லும்போது இதை மட்டும் மெல்ல விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு, அது சரியில்லை.

அங்கே வந்து போன இரண்டு பெடியன்கள் லரி லெவன், ஃபிராங்கி நக்கிள்ஸ். இருவரும் இணைபிரியாத கூட்டாளிகள். சிக்காகோவில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் ‘வெயர்ஹவுஸ்’ என்ற கிளப்பைத் திறக்க இருந்தவர்கள் முதலில் கூப்பிட்டது லெவனை. அவர் நியூயோர்க்கை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார், நக்கிள்ஸ் 1977இல் பெட்டி கட்டினார். லெவன் நியூயோர்க்கிலேயே ‘பரடைஸ் கராஜ்’ என்ற இடத்தில் 1987வரை பாட்டுப் போட்டார். நக்கிள்ஸ் போட்ட மாதிரிப் பாட்டைத் தேடி சிக்காகோப் பெடியன்கள் ரெக்கோட் கடைகளுக்குப் போய் ‘வெயர்ஹவுஸ்’ பாட்டு இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பேர் தேய்ந்து ‘ஹவுஸ்’ என்று அந்த இசை வகைக்கே பேராகிவிட்டது.

இடையில் 1979 ஜூலை 12 அன்று அதே சிக்காகோவில் ஒரு கூத்து நடந்தது. டிஸ்கோ என்ற அந்தக் கால ஆட்ட இசையின் ரெக்கோட் ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சதத்துக்கு பேஸ்போல் ஆட்டம் பார்க்கலாம் என்று, டிஸ்கோவைப் பிடிக்காத ஒரு வானொலி அறிவிப்பாளர் கூப்பிட்டார். வந்து குவிந்த ரெக்கோட்டுகளை மைதானத்தின் நடுவில் வைத்து வெடிவைத்தார்கள். சனம் மைதானத்துக்குள் இறங்கி அடித்து நொறுக்கியதில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவி வாங்கக் காசு சேர்ப்பதற்காக அந்த மைதானத்தில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலை செய்துகொண்டிருந்த வின்ஸ் லோறன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் ஒன்றைக் கவனித்தார்: சனம் கொண்டுவந்ததில் பாதி டிஸ்கோவே இல்லை, வெறுமனே கறுப்பர்கள் பாடிய ரெக்கோட்டுகள். 1984இல், முதல் ஹவுஸ் ரெக்கோட் என்று பலரும் சொல்கிற இசைத்தட்டு வந்தபோது அதை எழுதியவர்களில் அவரும் ஒருவர். எனக்கு இந்தக் கதையில் பிடித்தமானவர் அவர்தான்.

போர் நடந்த மண்ணில் விடிய விடிய ஆட்டம் போடுவது அடுக்குமா?
*புதுக்குடியிருப்பு வாசகர்*

உங்கள் கோபம் விளங்குகிறது ஐயா. ஆனால் எந்த நாளில் ஆடக்கூடாது என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிற நாட்களிலோ நவம்பர் கடைசியிலோ இங்கே யாராவது ஸ்பீக்கர் கட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

அதோடு போருக்குள்ளும் பாட்டு நிற்கவில்லை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் பாடகியின் குரல் இழுபட்டு ஆம்பிளைக் குரலாகிவிடும், பக்கத்தில் இருக்கிறவன் "சுத்தடா" என்று கத்துவான். அந்தப் பாட்டை அடுக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பெர்லினையும் பாருங்கள். 1989 நவம்பரில் சுவர் விழுந்தபோது கிழக்குப் பக்கத்தில் யாருடையது என்றே தெரியாத கட்டடங்கள் நிறைய வெறுமையாகக் கிடந்தன. போரில் சிதைந்த ஒரு பெரிய கடையின் நிலவறைப் பெட்டகத்தை டிமித்ரி ஹேகமன் என்பவரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்து, துருப்பிடித்த பாதுகாப்புப் பெட்டிகளை அப்படியே விட்டு, 1991 மார்ச்சில் ‘ட்ரெசோர்’ கிளப்பைத் திறந்தார்கள். கிழக்கு, மேற்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே இருட்டுக்குள் ஆடினார்கள். அங்கே ஒலித்தது டெக்னோ என்ற இயந்திரத் தாள ஆட்ட இசை. 2024இல் பெர்லின் டெக்னோவை ஜேர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு வெறும் வீட்டுக்குள் புகுந்துவிடாதீர்கள் பெடியன்களே. எங்கள் ஊரில் கூரை இல்லாத வீட்டுக்கும் கனடாவில் ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

மகன் ஏ.எல். முடித்துவிட்டு டிஜே ஆகப் போகிறேன் என்கிறான். மற்றவர்கள் பாடியதைப் போடுவதும் ஒரு தொழிலா? நான் என்ன சொல்ல?
*வவுனியாவிலிருந்து ஒரு தாய்*

பயப்படாதீர்கள் அம்மா, ஆனால் கடன்பட்டு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

முதலில் வேலை என்னவென்று சொல்கிறேன். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்ஃபோனில் கேட்டு, இரண்டின் தாளமும் ஒட்டும்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஆடுகிறவரின் கால் தடுமாறாமல் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கடத்த வேண்டும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் ரெக்கோட் பிளேயரில் இதற்கென்றே ஒரு தள்ளுகட்டை உண்டு, வேகத்தை எட்டு வீதம் கூட்டலாம், எட்டு வீதம் குறைக்கலாம். மேலே சொன்ன டைனமோக்காரனின் கைவேலைதான், என்ன, இவன் வேண்டுமென்றே செய்கிறான். இதைவிடப் பெரிய வேலை சனத்தைப் பார்ப்பது. சிக்காகோவில் றொன் ஹார்டி என்ற டிஜேயிடம் மூன்று இளைஞர்கள் ஒரு விசித்திரமான கசெற்றைக் கொடுத்தார்கள். முதல் தடவை போட்டபோது ஆடுகளமே காலியாகிவிட்டது. அவர் விடவில்லை, அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நாலாவது தடவை சனம் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியதாம். 1987இல் அது ரெக்கோட்டாக வெளிவந்து, ‘அசிட் ஹவுஸ்’ என்ற ஒரு வகையே அதிலிருந்து பிறந்தது.

அந்தச் சத்தம் வந்தது ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சின்னப் பெட்டியிலிருந்து. தனியே பயிற்சி எடுக்கும் கிற்றார்காரருக்கு பேஸ் என்ற அடித்தொனியை வாசிப்பதற்காகச் செய்தார்கள், வாங்க ஆளில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடந்ததைத்தான் இந்தப் பெடியன்கள் வாங்கி, கண்டபடி திருகிப் பார்த்தார்கள். இன்னொன்று: மும்பையில் சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் என்ற கலைஞர் 1982இலேயே அதே பெட்டியை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ரெக்கோட் போட்டார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010இல் மறுபடி வெளியிட்டபோதுதான் வெள்ளைக்காரர் வாயைப் பிளந்தார்கள்.

அதனால் மகனிடம் சொல்லுங்கள்: இலவச மென்பொருளும் ஒரு பழைய லப்டொப்பும் பழகப் போதும். கூடவே ஒரு சவுண்ட்ஸ்காரரிடம் கொஞ்சக் காலம் வேலைக்குப் போகட்டும். கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று வருமானம் வருகிறது, ஆனால் ஆனி ஆவணியில் ஓடித் திரிகிறவருக்கு மார்கழியில் வேலையே இருக்காது. ஸ்பீக்கர் பெட்டியை லாண்ட்மாஸ்டரில் ஏற்றி, பனி படாமல் படங்கால் மூடி, ஒட்டுசுட்டான் றோட்டில் யானை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சாமத்தில் திரும்பி வந்த பிறகும் அவனுக்கு ஆசை இருந்தால், மறிக்காதீர்கள்.

ஹவுஸ், டெக்னோ என்ன வித்தியாசம்? சுருக்கமாக.
*மல்லாவி வாசகர்*

ஹவுஸ் சிக்காகோ, டெக்னோ டெட்ராய்ட். ஹவுஸ் நிமிடத்துக்கு 120இலிருந்து 130 அடி, உள்ளே தேவாலயப் பாட்டின் வாசம் இருக்கும். டெக்னோ பொதுவாக இன்னும் வேகம், குரல் குறைவு, இயந்திரம் கூட. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்ற மூன்று பள்ளிக்கூடக் கூட்டாளிகள்தான் டெக்னோவின் முன்னோடிகள். கார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த நகரத்தின் ஓரத்தில் வளர்ந்தவர்கள்.

அப்படியென்றால் எங்கள் பைலா?
*அதே வாசகர்*

அதுவும் ஆட்ட இசைதான், சந்தேகமே வேண்டாம். போர்த்துக்கேயரும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களும் விட்டுப்போன தாளம். வோலி பஸ்தியன் அதைக் கொழும்பு மேடைக்கு ஏற்றினார், சிலோன் மனோகர் அந்தத் துள்ளலைத் தமிழ்ப் பொப் பாட்டுக்குள் கொண்டுவந்து தமிழ்நாட்டையும் ஆட வைத்தார். எங்கள் கலியாணவீட்டில் டிஜே எவ்வளவு நவீனமாகத் தொடங்கினாலும் கடைசி அரை மணித்தியாலம் எங்கே போய் நிற்கிறது என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

நாங்கள் விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். இப்போது கோயில் வீதியில் டிஜே போட்டுப் பெடியள் குதிக்கிறார்கள். இது சீரழிவு இல்லையா தம்பி?
*முள்ளியவளைப் பெரியவர்*

விடிய விடிய முழித்திருப்பதைச் சீரழிவு என்று நீங்களே சொல்லலாமா ஐயா? வற்றாப்பளைப் பொங்கலுக்கு வைகாசித் திங்கள் இரவில் சனம் நித்திரை கொள்கிறதா? கூத்தில் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிக்கொண்டே சபையைப் பார்ப்பார், சனம் சோர்ந்தால் தாளத்தைக் கூட்டுவார், சனம் நல்லாய் இருந்தால் ஒரு வரவுப் பாட்டை இன்னும் இரண்டு சுற்றுக்கு இழுப்பார். றொன் ஹார்டியை எழுதும்போது எனக்கு அவர்தான் ஞாபகத்தில் வந்தார். முறிகண்டியில் இரவு பஸ்ஸுக்காகக் கச்சான் வறுக்கிறவர்களிலிருந்து திருவிழாவில் ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றுகிறவன்வரை வன்னியின் இரவில் உழைக்கிறவர்கள் எப்போதும் இருந்தார்கள், அவர்கள் பேரை யாரும் நோட்டீஸில் போடுவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். கூத்துக்காரர் பத்து வீட்டுக்கு அப்பால் படுத்திருக்கிற நோயாளியின் கட்டிலை அதிரவைக்கவில்லை. 2007இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உத்தரவிட்டது, விசேட நிகழ்வுகளுக்கு விதிவிலக்கு உண்டு. அனுமதி எடுக்காமல் போட்டுவிட்டு, பொலிஸ் வந்ததும் பண்பாட்டை இழுக்கிற ஏற்பாட்டாளர்களை எனக்கும் பிடிக்காது. கோயில் வீதியில் எது போடலாம் என்பதைக் கோயில் சபை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

நீங்கள் எழுதுகிற பேரெல்லாம் ஆம்பிளைகளாகவே இருக்கும். பெண்கள் இல்லையா?
*கிளிநொச்சி வாசகி, வயது 22*

இருக்கிறார்கள் தங்கச்சி. 1973 ஓகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், பள்ளிக்கூடம் தொடங்கப் புது உடுப்பு வாங்கக் காசு வேண்டுமென்று சிண்டி காம்பெல் என்ற பெண் தங்கள் மாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு கொண்டாட்டம் வைத்தார். பெட்டைகளுக்கு 25 சதம், பெடியன்களுக்கு 50 சதம். பாட்டுப் போட்டது ஜமேக்காவிலிருந்து வந்த அவருடைய அண்ணன் கூல் ஹேர்க். ஹிப்-ஹொப் அன்று பிறந்தது என்கிறார்கள், அண்ணன் பேர்தான் உலகத்துக்குத் தெரியும். பிரித்தானியாவின் ‘டிஜே மக்’ சஞ்சிகை 1992இல் முதலிடம் கொடுத்தது ஸ்மோக்கின் ஜோ என்ற பெண்ணுக்கு. எங்களுக்கு மிகக் கிட்டவென்றால் மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, லண்டனுக்கு அகதியாகப் போனவர். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் தாளம் போடப் பழகி 2005இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார்.

இங்கே ஒரு பெண் டிஜே வந்தால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது பாட்டைப் பற்றியா? இரவு எப்படித் திரும்பி வருவாய் என்றுதான் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. ஆகவே எந்த நிகழ்வுக்கு ஒப்புக்கொண்டாலும் பாட்டுப் பட்டியல் பேச முதல் வாகனம் யாருடையது, யார் கூட வருவார், எத்தனை மணிக்கு என்பதைப் பேசுங்கள். இதற்குப் பதில் சொல்ல இழுக்கிற ஏற்பாட்டாளர் சம்பளத்துக்கும் இழுப்பார்.

ஸ்பீக்கர் கட்டுகிற வேலை செய்கிறேன். திருவிழா முடிந்து இரண்டு நாள்வரை காதுக்குள் ‘கீ’ என்று சத்தம் கேட்கிறது. பிரச்சினையா?
*மாங்குளம் வாசகர்*

பிரச்சினைதான் தம்பி. சத்தம் 85 டெசிபல் என்றால் எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்பது வேலைத்தலங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், ஆகவே 100 டெசிபலுக்குக் கால் மணித்தியாலம்தான். பெட்டிக்கு முன்னால் நின்றால் அதை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். உள்காதில் சேதமான நுண்கலங்கள் திரும்ப முளைக்காது. அடுத்த தடவையும் இரைச்சல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டைக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டுப் போங்கள்.

பெட்டிக்குப் பின்பக்கம் நில்லுங்கள், பஞ்சை உருட்டி வைப்பதில் பெரிய பயன் இல்லை. மருந்துக்கடையில் ஃபோம் காதடைப்பான் கேளுங்கள். அதை விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மற்றக் கையால் காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, உள்ளே விரியும்வரை விரலை எடுக்காதீர்கள். உங்கள் முதலாளிக்கும் ஒரு சோடி வாங்குங்கள், அவருக்கு இப்போதே பாதி கேட்காது என்று நினைக்கிறேன்.