ஒரு ஆள் சமையல்: போடிங் அறைகளிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் அறை எடுத்துத் தனியாக இருப்பவர்கள் கேட்டவை இவை. அவண் ஒருவரிடமும் இல்லை, பலரிடம் பிரிட்ஜும் இல்லை. கப் என்று வரும் இடமெல்லாம் ரைஸ் குக்கரோடு தரும் 180 மில்லிலீற்றர் கப்தான். தேத்தண்ணிக் கப்பால் அளந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, என்னட்ட ஒரு சின்ன ரைஸ் குக்கர் மட்டும்தான். அரிசியையும் பருப்பையும் ஒண்டாப் போட்டா பத்து நிமிஷத்தில சுவிட்ச் துள்ளிடுது. அடி கருகி, மேல அரிசி வேகாம நிக்குது. குக்கர் பழுதா?

பதில்: பழுதில்லை தம்பி. சட்டியின் அடியைத் தொட்டபடி நடுவில் ஒரு காந்தக் குமிழ் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை அடிச்சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும். வற்றியதும் சூடு ஏறும், காந்தம் பிடியை விடும், சுவிட்ச் துள்ளும். மைசூர்ப் பருப்பின் மா கரைந்து அடியில் பசையாகப் படிந்தால், மேலே தண்ணீர் நின்றாலும் பசைக்குக் கீழே சூடு ஏறிவிடும். தண்ணீர் முடிந்ததென்று நினைத்துக் குக்கர் நின்றுவிடும்.

அரைக் கப் அரிசி, கால் கப் பருப்பு எடுங்கள். பருப்பைத் தனியாக நாலு தண்ணீரில், கழுவும் நீர் தெளியும்வரை கழுவுங்கள். அரிசியோடு ஒன்றே முக்கால் கப் தண்ணீர், மஞ்சள் ஒரு சிட்டிகை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், வெட்டிய வெங்காயம், இரண்டு பல் உள்ளி, ரம்பைத் துண்டு. எண்ணெய் வாசத்துக்காக அல்ல, நுரை பொங்கி மூடியால் வழியாமல் இருக்கத்தான். தண்ணீர் கொதித்த பிறகுதான் பருப்பை மேலாகத் தூவ வேண்டும். கிளறக்கூடாது, கிளறினால் பருப்பு அடிக்குப் போய்விடும். சுவிட்ச் துள்ளியதும் பத்து நிமிடம் மூடியபடி விடுங்கள். தேங்காய்ப்பால் வேண்டுமானால் அப்போதுதான், கெட்டிப்பாலாக மூன்று மேசைக்கரண்டி. தொடக்கத்திலேயே பாலை ஊற்றினால் அதுவும் அடியில் பிடிக்கும்.

இன்னொன்று. ஒரு கப் அரிசிக்குச் சரியாக வரும் தண்ணீரை அரைக் கப்புக்குப் பாதியாக்கினால் சோறு கடிக்கும். ஆவியாகப் போகும் தண்ணீர் அரிசி குறைந்த அளவுக்குக் குறையாது. ஒரு ஆளுக்கு ஆக்குபவர்கள் எப்போதும் ஒரு கை கூட விட வேண்டும். சிவப்பு நாட்டரிசி என்றால் அரை மணித்தியாலம் ஊறவைத்து, இன்னும் அரைக் கப் கூட்டுங்கள்.

கேள்வி (மருதானை): பிரிட்ஜ் இல்ல. தேங்காய் பாதி எப்பவும் பழுதாகுது. மிஞ்சின சோறு காலமைக்குச் சாப்பிடலாமா?

பதில்: தனி ஆளுக்குச் செலவு கூடுவது வாங்குவதில் அல்ல, எறிவதில். அதனால் இந்தக் கேள்விதான் முக்கியமானது.

சோற்றை அறைச்சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். அரிசியிலேயே இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. கொழும்புச் சூட்டில் அது முளைத்து நஞ்சை விடும். பிறகு சோற்றைச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மணம் மாறவில்லை என்பது சாட்சி ஆகாது. குக்கரில் 'வார்ம்' நிலையில் 60 பாகைக்கு மேல் இருக்கும் சோறு வேறு கதை, மத்தியானம் ஆக்கியதை இரவு தாராளமாகச் சாப்பிடலாம். 'வார்ம்' இல்லாத குக்கர் என்றால் அந்தந்த வேளைக்கு அரைக் கப் ஆக்குங்கள்.

தேங்காயை உடைத்த அன்றே முழுவதையும் துருவுங்கள். பாதி சம்பலுக்கு அல்லது சொதிக்கு. மற்றப் பாதியைத் தாச்சியில் எண்ணெய் விடாமல், சின்ன நெருப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். முதலில் ஆவி வரும், பிறகு ஆவி நின்று மணம் வரும், பூ கையில் ஒட்டாமல் உதிரும். அங்கே இறக்குங்கள். தாச்சிச் சூட்டிலேயே இன்னும் ஒரு நிறம் ஏறும் என்பதால் பொன்னிறமாகும்வரை காத்திருந்தால் கறுத்துவிடும். வறுத்த செத்தல் மிளகாய் நாலு, உப்பு, ஒரு பல் உள்ளி சேர்த்து இடித்து, ஈரமில்லாத போத்தலில் போட்டால் நாலைந்து நாள் நிற்கும். ஈரக் கரண்டி போட்டால் அன்றோடு சரி. கறிக்குத் தேங்காய்ப் பால்மா பக்கெட் போதும். இரண்டு மேசைக்கரண்டி மாவுக்கு அரைக் கப் இளஞ்சூட்டு நீர். கொதிநீரில் கரைத்தால் கட்டி கட்டியாகும்.

மரக்கறிக் கடையில் 100 கிராம் கேட்க வெட்கப்படாதீர்கள், நிறுத்துத் தருவார்கள். கீரை அன்றைக்கே முடிய வேண்டும். வெண்டிக்காய்க்கு இரண்டு நாள். கோவாவை வெட்டாமல் பத்திரிகைத்தாளில் சுற்றி, ஓலை ஓலையாக உரித்தெடுத்தால் நாலு நாளுக்கு மேல் வரும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): கறி சமைக்க நேரமில்ல. இடியப்பம் கடையில வாங்குவன். சொதி மட்டும் வைக்கலாமெண்டா ஒவ்வொரு தரமும் திரையுது.

பதில்: நல்ல கணக்கு. இடியப்பத்தைப் பிழிந்து அவிக்கும் வேலை ஒரு ஆளுக்குக் கட்டுப்படியாகாது.

முக்கால் கப் தண்ணீரில் நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சைமிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். முட்டை வேண்டுமானால் இப்போதே உடைத்து ஊற்றி, தொடாமல் மூன்று நிமிடம் மூடுங்கள். பிறகு நெருப்பைக் குறைத்துக் கரைத்த பாலை ஊற்றிக் கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்க வேண்டும். நீங்கள் அதைப் பொங்கக் கொதிக்க விடுகிறீர்கள், அல்லது அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய் பிழிகிறீர்கள். இரண்டில் எது நடந்தாலும் திரையும். இறக்கி இரண்டு நிமிடம் ஆறிய பிறகுதான் புளி.

கேள்வி (கொட்டாஞ்சேனை): டின் மீன் ஒண்டு ஒரு ஆளுக்குக் கூட. மிச்சத்த டின்னிலயே மூடி வைக்கிறன். கறி வச்சா மீன் முழுக்கத் தூளாகுது.

பதில்: திறந்த டின்னில் வைக்கவே வேண்டாம். மீன் டின்னுக்குள் அடைபட்டே வெந்து வருவது. அதை இருபது நிமிடம் கொதிக்க வைத்தால் தூளாகாமல் என்ன செய்யும்?

குழம்பை முதலில் முடியுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதக்கி, ஒரு தக்காளி கரையவிட்டு, ஒன்றரைத் தேக்கரண்டி வறுத்த கறித்தூளும் கால் கப் தண்ணீரும் விட்டு, எண்ணெய் மேலே வரும்வரை. பிறகு டின் நீரை வடித்த மீனை அடுக்கி நாலு நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள், மீனிலேயே உப்பு உண்டு.

425 கிராம் டின்னைத் திறந்தால் இரண்டு வேளைக்கும் ஒரேயடியாகச் சமைத்து, பாதியை மத்தியானம் எடுங்கள். மற்றப் பாதிக்குத் தண்ணீரை வற்றவிட்டு, பழப்புளிக் கரைசல் ஒரு மேசைக்கரண்டி ஊற்றிப் பிரட்டலாக்கி மூடிவையுங்கள். பின்னேரம் நாலு மணிபோல் ஒருதரம் நன்றாகக் கொதிக்கச் சூடாக்கி, இரவு சாப்பாட்டுக்கு முன் மறுபடியும். பால் சேர்த்த குழம்பை இப்படி வைக்க ஏலாது. கிழமையில் ஒருநாள்தான் மீன் என்றால் 155 கிராம் டின் வாங்குங்கள். கிராம் கணக்கில் விலை கூடத்தான், ஆனால் எறிந்த பாதியையும் கணக்கில் போட்டால் சின்னதே மலிவு.

கேள்வி (தெஹிவளை): வீட்டுக்கார அம்மா சைவம். மீன், கருவாடு, முட்டை ஒண்டும் ஏலாது. ஹொட் பிளேட் பத்து நிமிஷம் போட்டாலே முகம் சுழிக்கிறா. கடலை, கௌபி அவிக்க வழி இருக்கா?

பதில்: நல்ல ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று வாங்குங்கள் தங்கச்சி. முழுப் பயறு கால் கப், இரவே ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீரை மாற்றி, சட்டியில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அதற்குள் பிளாஸ்கைக் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி வையுங்கள். குளிர்ந்த பிளாஸ்கில் ஊற்றினால் சூட்டைப் பிளாஸ்க் குடித்துவிட்டு, பயறு பச்சையாகவே கிடக்கும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கப் பயறையும் நீரையும் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். பாதி நிரப்பினால் சூடு நிற்காது. இரண்டு மணித்தியாலத்தில் பதம். உப்பு, தேங்காய்ப்பூ, வெங்காயம், செத்தல் மிளகாய் போட்டால் காலைச் சாப்பாடு. கௌபிக்கு எட்டு மணித்தியால ஊறலும் பத்து நிமிடக் கொதியும் மூன்று மணித்தியாலமும் வேண்டும். கடலை பிளாஸ்கில் சரிவராது, தோல் வேகாமல் நிற்கும். குக்கரில் நிறையத் தண்ணீர் விட்டு அவியுங்கள்.

ஒரேயொரு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மா அவரையைப் பிளாஸ்கில் போடவே கூடாது. அதில் இருக்கும் நஞ்சுப் பொருள் பத்து நிமிடம் பொங்கக் கொதித்தால்தான் அழியும். மெல்லிய சூட்டில் அரைவேக்காடாக நின்றால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வாந்தி நிச்சயம்.

கேள்வி (அதே ஆள்): சோயா மீட்? அதில ஒரு மணம் வருமே.

பதில்: கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். புதுத் தண்ணீரில் அலசி மறுபடியும் பிழியுங்கள். மணம் அந்தத் தண்ணீரோடு போகும். பிழியாத சோயாவுக்குள் கறித்தூளும் ஏறாது. பக்கெட்டுக்குள் சின்னத் தூள் பை இருந்தால் அதில் உப்பு இருக்கிறது, பார்த்துப் போடுங்கள். பெட்டியையும் வாசியுங்கள், சிலவற்றில் மீன், கோழி வாசனை சேர்த்திருப்பார்கள். அம்மாவுக்கு மூக்கு கூர்மையாக இருக்கலாம்.

கேள்வி (கிருலப்பனை): நீத்துப்பெட்டி இல்லாம பிட்டு அவிக்கலாமா? நான் செய்தா கல்லுக் கல்லா வருது.

பதில்: கல்லாவது அவிப்பதில் அல்ல, குழைப்பதில். வறுத்த சிவப்பரிசி மா ஒரு கப், உப்பு. கொதித்த நீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளறுங்கள். ஏறத்தாழ அரைக் கப் பிடிக்கும், மாவைப் பொறுத்துக் கூடும் குறையும். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிறகு ஒரு பேணியின் விளிம்பால் குறுணியளவாகும்வரை கொத்துங்கள். அந்தக் கொத்தலைத்தான் எல்லோரும் பாதியில் விடுகிறார்கள். கால் கப் தேங்காய்ப்பூவைக் கடைசியில் கலக்கலாம்.

குக்கரில் இரண்டு கப் தண்ணீர், மேலே ஆவித்தட்டு. அதில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை விரித்து மாவை அழுத்தாமல் கொட்டுங்கள். துணியின் மிச்ச ஓரத்தால் மேலேயும் மூடுங்கள், இல்லாவிட்டால் மூடி வியர்த்துச் சொட்டி நடுப்பகுதி களியாகும். ஆவி வந்ததிலிருந்து பன்னிரண்டு நிமிடம்.

கேள்வி (வெள்ளவத்தை): கேத்திலும் ஹொட் பிளேட்டும் ஒரே மல்ரிபிளக்கில போட்டிருக்கிறன். பிளக் சுடுது. பரவாயில்லையா?

பதில்: உடனே கழற்றுங்கள். நம்மூர் மின்சாரம் 230 வோல்ட், 13 அம்பியர் பிளக் தாங்குவது சுமார் 3000 வாட். கேத்தில் 1800, ஹொட் பிளேட் 1500 என்றால் அதிலேயே எல்லை தாண்டியாயிற்று. மலிவான நீட்சி வயர் அதில் பாதிக்கே சூடாகும். ஒன்று முடிந்து மற்றது. குக்கர் சிக்கனமானது: 450 வாட் குக்கர் 25 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

கேள்வி (பொரளை): அவண் இல்லாம குக்கரில கேக் செய்யலாமா அக்கா?

பதில்: செய்யலாம், ஆனால் சுவிட்சை நாலைந்து தரம் அமத்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும், மேல்பக்கமும் வெளிறியே இருக்கும். அதற்குப் பதிலாக வட்டிலப்பம் அவியுங்கள். கித்துள் கருப்பட்டி 100 கிராமை இரண்டு மேசைக்கரண்டி நீரில் கரைத்து, வடித்து, ஆறவிடுங்கள். சூடாக ஊற்றினால் முட்டை வெந்துவிடும். இரண்டு முட்டையை நுரை வராமல் கலக்கி, முக்கால் கப் கெட்டிப்பால், ஒரு ஏலக்காய், சிட்டிகை உப்பு சேர்த்துக் கிண்ணத்தில் ஊற்றி, வாயை அலுமினியத்தாளால் இறுக்கி மூடி, ஆவித்தட்டில் 25 நிமிடம். கத்தியைக் குத்தினால் சுத்தமாக வர வேண்டும். ஆவி கடுமையாக அடித்தால் உள்ளே துளைத் துளையாகித் தண்ணீர் விடும். மூடியைக் கொஞ்சம் சரித்து வைத்தால் ஆவி தணியும். இது இரண்டு பேருக்கு வரும், பக்கத்து அறைக்காரருக்கு ஒரு கிண்ணம் கொடுங்கள்.