கட்சி மாறிய பிளாங்கஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமின் முதல் பேரரசரான ஆக்டேவியனுக்கு 'அகஸ்டஸ்' என்ற பட்டத்தை முன்மொழிந்தவர் பிளாங்கஸ் என்னும் செனட்டர் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தேடிப் படித்தேன். சீசர், ஆண்டனி, ஆக்டேவியன் என்று ஆள் மாற்றிப் பிழைத்தவர். துரோகம் அவருக்கு ஒரு நோய் என்றே ரோம வரலாற்றாசிரியர் வெல்லியஸ் எழுதியிருக்கிறார். இவரைப் போன்றவர்கள் அமர்ந்திருந்த செனட்டுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

க.

அன்புள்ள க.,

வெல்லியஸ், அகஸ்டஸுக்குப் பின் பேரரசரான திபேரியஸின் படையில் இருந்தவர், கி.பி. 30ஐ ஒட்டி, அந்தக் குடும்பத்தின் புகழ் பாடி எழுதியவர். ஆக்டேவியன் பக்கம் ஓடி வந்தவரைத் திட்டுகிறார். வாரி அணைத்துக்கொண்ட ஆக்டேவியனை ஒரு சொல் சொல்வதில்லை. ஆனால் வம்பு எழுதுவதில் சமர்த்தர். கான்சல் என்ற ரோமின் உச்சப் பதவியை வகித்து முடித்த பிளாங்கஸ், ஆண்டனியும் கிளியோபாட்ராவும் இருந்த விருந்தொன்றில் உடம்பெல்லாம் நீலம் பூசி, தலையில் நாணல் சூடி, மீன்வால் கட்டிக்கொண்டு, கடல் தெய்வமான கிளாக்கஸாக முழங்காலில் ஊர்ந்து ஆடினார் என்ற செய்தி அவர் தந்ததுதான்.

கட்சி மாறியதற்காக நான் பிளாங்கஸைப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். கி.மு. 43இல் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டு ஆளுநராக இருந்தபோது, குடியரசைக் காப்பேன் என்று செனட்டின் பெரும் பேச்சாளரான சிசரோவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பக்கத்து மாகாண ஆளுநர் லெபிடஸின் படை, செனட்டை எதிர்த்து நின்ற ஆண்டனியோடு சேர்ந்தது, ஸ்பெயினில் ஆளுநராக இருந்த பொல்லியோவும் போய்விட்டார். பிளாங்கஸும் பின்னால் போனார். தனியே நின்று தன் வீரர்களைப் பலி கொடுத்திருந்தால் யாருக்கு என்ன லாபம்? இன்றைய லியோன் நகரம் அதே ஆண்டில் அவர் நிறுவிய குடியேற்றத்திலிருந்து வளர்ந்தது.

என்னால் ஜீரணிக்க முடியாதது அவருடைய தம்பி கதை. அந்த ஆண்டின் இறுதியில் ஆண்டனி, ஆக்டேவியன், லெபிடஸ் ஆகியோரின் மூவர் ஆட்சி கொலைப்பட்டியல் வெளியிட்டது. அதில் உடன்பிறந்த பிளோட்டியஸின் பெயரும் இருந்தது. பிளாங்கஸே அதற்கு இசைந்தார் என்பது அன்றைய பேச்சு. பிளோட்டியஸ் சலெர்னோ பக்கம் ஒளிந்திருந்தார். பூசியிருந்த வாசனைத் தைலம் துரத்தி வந்தவர்களுக்குத் துப்புக் கொடுத்தது. அடிமைகளைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். எஜமானர் இருக்கும் இடம் தெரியாது என்றே அவர்கள் சாதித்தார்கள். இதற்கு மேல் பொறுக்க முடியாமல் மறைவிடத்திலிருந்து தானாகவே வெளியே வந்து கழுத்தை நீட்டினார் பிளோட்டியஸ். அண்ணன் அந்த டிசம்பரில் வெற்றி ஊர்வலம் நடத்தினார், அடுத்த ஆண்டு கான்சலானார்.

பிறகு ஆண்டனிக்காக ஆசியாவையும் சிரியாவையும் ஆண்டார். கி.மு. 32இல், ஆண்டனிக்கு எதிரியாகிவிட்டிருந்த ஆக்டேவியனிடம் வந்து சேர்ந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. ஆண்டனியின் உயில் ரோமின் பூசாரிணிகளான வெஸ்டா கன்னியரிடம் இருக்கிறது என்ற தகவலைக் கொண்டுவந்தார். உயிலைப் பறித்து, தன்னைக் கிளியோபாட்ராவின் தலைநகரான அலெக்சாந்திரியாவில் புதைக்க வேண்டும் என்று ஆண்டனி எழுதியிருந்த பகுதியை ஆக்டேவியன் ஊரறிய வாசித்தார். ஆண்டனியின் பாவங்களைப் பிளாங்கஸ் செனட்டில் அடுக்கியபோது, கோப்போனியஸ் என்ற உறுப்பினர் எழுந்து, நீ அவரை விட்டு வந்ததற்கு முந்தைய நாளில் ஆண்டனி நிறையத்தான் செய்திருக்கிறார் என்றாராம். இந்தப் பதிலுக்காகவே வெல்லியஸைப் படிக்கலாம்.

கி.மு. 27 ஜனவரியில் ஆக்டேவியனுக்குச் சூட்ட, ரோமின் முதல் மன்னனான 'ரோமுலஸ்' என்பவனின் பெயரைச் சிலர் சொன்னபோது, 'அகஸ்டஸ்' என்று பிளாங்கஸ் முன்மொழிந்ததே நிலைத்தது. மன்னர் வாடை இல்லாமல் தெய்வ மணம் மட்டும் வீசும் பெயர். காற்றின் திசை அறிந்தவருக்குத்தான் அது தோன்றும்.

செனட்டின் மதிப்பைக் கேட்டீர்கள். கி.மு. 22இல் இவரும் பவுல்லஸ் லெபிடஸும் (முன் சொன்ன லெபிடஸ் அல்ல) சென்சார்களானார்கள்; பிறர் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் பதவி! முதல் நாளே அவர்கள் ஏறிய மேடை சரிந்து விழுந்தது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, வேலையில் பெரும்பகுதியை அகஸ்டஸே செய்து முடித்தார். அரச குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் இணைந்து அந்தப் பதவியை வகித்தது அதுவே கடைசி.