12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 14 வோல்ட் காட்டுவது ஏன்?

கேள்வி: மகனின் பள்ளி புராஜெக்டுக்காக 12 வோல்ட் டிசி பவர் சப்ளை செய்கிறோம். ரோச்சோர் பக்கம் ஒரு கடையில் 230/12 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். எதையும் இணைக்காமல் அளந்தால் 14.2 வோல்ட் வருகிறது. பழுதான பொருளா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டாம். மேலே அச்சிட்டிருக்கும் 12 வோல்ட் என்பது முழுச் சுமையில், அதாவது 1 ஆம்பியர் இழுக்கும்போது கிடைப்பது. உள்ளே இருக்கும் செம்புச் சுருள்களுக்கு மின்தடை உண்டு. மின்னோட்டம் ஓடும்போதுதான் அந்தத் தடையில் வோல்ட் இறங்கும். சுமையே இல்லாதபோது இறங்க வழியில்லை. ஒரு சுருளிலிருந்து மற்றதைச் சேராமல் கசியும் காந்தப்புலமும் வோல்ட்டைக் குறைக்கும். ஆனால் இவ்வளவு சிறியதில் கம்பியின் தடைக்குத்தான் பெரும்பங்கு.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 14.2 வோல்ட் 1 ஆம்பியரில் 12 ஆனால், இறக்கம் 2.2 வோல்ட். அரை ஆம்பியரில் அதில் பாதிதான் இறங்கும், 13.1 வோல்ட் கிடைக்கும். 2.2ஐ 12ஆல் வகுத்தால் சுமார் 18 சதவீதம். மெல்லிய கம்பி சுற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் இது சகஜம். புளோக்குப் பக்கத்து சப்ஸ்டேஷனில் இருக்கும் பெரியவற்றில் சில சதவீதம்தான் இருக்கும்.

சந்தேகம் தீர வேண்டுமா? 12 ஓம், 25 வாட் ரெசிஸ்டரை வெளியீட்டில் சில விநாடி இணைத்து அளந்து பாருங்கள். 12 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ரெசிஸ்டர் சீக்கிரமே சுடும், தொட வேண்டாம். 230 வோல்ட் முனைகள் மூடியே இருக்கட்டும். அந்தப் பக்கத்தை மகன் கையில் விடாதீர்கள்.

எனக்குக் கவலை அடுத்த கட்டத்தில்தான். ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜும், மின்னூட்டத்தைச் சேமித்து அதைச் சமன்படுத்தும் கெப்பாசிட்டரும் வைத்தால் கெப்பாசிட்டர் ஏசி அலையின் உச்சம்வரை ஏறும். அந்த உச்சம் மீட்டர் காட்டுவதைப்போல் 1.414 மடங்கு. 14.2ஐ 1.414ஆல் பெருக்கினால் 20 வோல்ட். டையோடுகளில் போவது போக 19 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். "12 வோல்ட்தானே" என்று 16 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் கெப்பாசிட்டர் போட்டால், சுமை இல்லாத நேரத்தில் அது வீங்கி வெடிக்கலாம். சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டுக்கு 6 சதவீதம்வரை மேலே போகலாம் என்பதால் 25 வோல்ட்டும் இறுக்கமே. 35 வோல்ட் போடுங்கள். அப்புறம் ஒரு 7812 ரெகுலேட்டர் வைத்தால் சுமை மாறினாலும் வெளியீடு 12 வோல்ட்டிலேயே நிற்கும். அதற்குச் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க் கட்டாயம்.

டிசி பக்கம் முழு 1 ஆம்பியரை எதிர்பார்க்காதீர்கள். கெப்பாசிட்டர் ஒவ்வொரு உச்சத்திலும் சட்டென்று பெரிய மின்னோட்டத்தை இழுப்பதால் சுருள் கூடுதலாகச் சூடாகும். 0.6 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.