காகாவும் காக்காவும்

கேள்வி: ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் விசிறிகளை வைத்திருந்த இந்தி நடிகர் ராஜேஷ் கன்னாவின் மார்க்கெட் திடீரென்று சரிந்தது ஏன்? அமிதாப் பச்சன் வந்ததுதான் காரணமா? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: ‘விசிறி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே உங்களுக்கு ஒரு வருஷச் சந்தாவை இலவசமாகக் கொடுக்கலாம். (கொடுக்க மாட்டோம். கணக்குப் பிள்ளை ஒத்துக்கொள்ள மாட்டார்.) இந்தச் சொல்லைப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது! ஆங்கில ‘ஃபேன்’ என்பது வெறியரைக் குறிக்கும் ‘ஃபெனடிக்’கின் வாலை நறுக்கிய வடிவம் என்பார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதே எழுத்தில் இருக்கும் இன்னொரு ஃபேனைப் பார்த்து, வெறியரைப் பனையோலை விசிறியாக்கிவிட்டார். அப்புறம் எம்.ஜி.ஆர். விசிறி, சிவாஜி விசிறி என்று பத்திரிகைகளில் சக்கைப்போடு போட்டது, ‘ரசிகர்’ வந்து ஓரங்கட்டும் வரை. தப்பான மொழிபெயர்ப்பு என்று இன்றைக்கும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தப்பாகவே படவில்லை. பக்கத்தில் நின்று இடைவிடாமல் காற்று வீசி, ஆளைத் தூங்க வைத்துவிடுகிறவனுக்கு விசிறி என்பதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் இருக்கிறது?

ராஜேஷ் கன்னா விஷயத்தில் இரண்டு வகை விசிறிகள். ஒன்று, வாசலுக்கு வெளியே நின்றவர்கள். ‘ஆராதனா’ வந்த 1969-லிருந்து மூன்று வருஷம் இவர்கள் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. காருக்கு முத்தம் கொடுத்து லிப்ஸ்டிக்காலேயே பெயின்ட் அடித்தார்கள், ரத்தத்தில் கடிதம் எழுதினார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு; பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதி போதும். பிபிசி அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தது. இங்கே 1965-ல் இந்தி எழுத்தைத் தார்பூசி அழித்த ஊர்களில்கூட, நாலைந்து வருஷம் கழித்து ‘மேரே சப்னோங் கீ ரானி’யை அர்த்தம் தெரியாமல் பாடிக்கொண்டு திரிந்தார்கள். அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை, திணித்தால் தார், கிஷோர் குமார் பாடினால் விசில்.

இரண்டாவது வகை, வீட்டுக்குள் இருந்தவர்கள். இங்கேதான் நான் கொஞ்சம் தடம் மாறப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராஜேஷ் கன்னாவின் செல்லப் பெயர் ‘காகா’. பஞ்சாபியில் சின்னப் பையன் என்று அர்த்தம். ‘ஊபர் ஆகா, நீச்சே காகா’ என்று பம்பாயில் சொல்வார்களாம்: மேலே ஆண்டவன், கீழே நம்ம காகா. தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்காவது இதைக் கேட்டு வேறொன்று ஞாபகம் வராமல் இருக்குமா? காகா இருக்கும் இடத்தில் காக்கா பிடிக்கிறவர்களும் இருப்பார்கள்தானே. காக்கா பிடிப்பது என்பது ‘கால் கை பிடிப்பது’ என்பதன் மரூஉ என்று இந்தப் பக்கத்தில் முன்பு எழுதப்போய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆதாரம் கேட்டு ஏழு கார்டு போட்டார். ஐயா, இன்னமும் ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனாலும் நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. காக்காயை எவனாலும் பிடிக்க முடியாது, காலைப் பிடிக்கலாம். போதாதா?

சரி, காகாவின் வீடு. கார்ட்டர் ரோட்டில் கடலைப் பார்த்த பங்களா. ‘ஜூபிலி குமார்’ என்று பெயரெடுத்த ராஜேந்திர குமாரிடமிருந்து வாங்கியது. அவர் அந்த வீட்டுக்கு ‘டிம்பிள்’ என்று தன் மகள் பெயரை வைத்திருந்தார். இவர் அதை ‘ஆசீர்வாத்’ என்று மாற்றிவிட்டு, 1973-ல் டிம்பிள் கபாடியாவைக் கல்யாணம் செய்து அதே வீட்டுக்கு அழைத்து வந்தார். இதைக் கதையாக எழுதி அனுப்பினால் நானே நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்த வீட்டுக்கான பாக்கிப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம சாண்டோ சின்னப்பா தேவர் கொடுத்த அட்வான்ஸிலிருந்து. ‘ஹாத்தி மேரே சாத்தி’க்காக. தேவருக்கு முருகனும் மிருகமும் இருந்தால் போதும், படம் ஓடிவிடும். ஓடவும் ஓடியது, 1971-ல், அடுத்த வருஷமே எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேரம்’ எடுக்கிற அளவுக்கு. ஆனால் ஆரம்பத்தில் தேவர் கையில் இருந்த கதை காகாவுக்குத் திருப்தியாக இல்லை. அப்போது அதிகம் பேர் தெரியாத இரண்டு எழுத்தாளர்களைக் கூப்பிட்டு, ‘இதைச் சரி செய்து கொடுங்கள், பணமும் வாங்கித் தருகிறேன், டைட்டிலில் பெயரும் போட வைக்கிறேன்’ என்று சொன்னதாக அந்த இருவரில் ஒருவரே பின்னாளில் சொன்னார். சொன்னபடி செய்தார். அந்த இரண்டு பேர் சலீம்-ஜாவேத்! இரண்டு வருஷத்தில் ‘ஜஞ்சீர்’ எழுதினார்கள், அப்புறம் ‘தீவார்’, ‘ஷோலே’. அமிதாப்பைக் கோபக்கார இளைஞனாக உட்கார வைத்த நாற்காலியின் முதல் ஆணியை அடித்துக் கொடுத்தது காகாதான், யானைப் படத்துக்காக.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி ஆமாம். 1971-ல் ‘ஆனந்த்’தில் அமிதாப் பக்கத்தில் நின்று பார்த்த டாக்டர். 1973 கடைசியில் ‘நமக் ஹராம்’ வந்தபோது, செத்துப்போகிற பாத்திரம் காகாவுக்கு, கைத்தட்டல் அமிதாப்புக்கு. ஆனால் ‘திடீரென்று’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்யாணம் ஆனதும் பெண்கள் கைவிட்டார்கள் என்பதும் கதைதான். கல்யாணத்துக்கு அடுத்த மாதம் வந்த ‘தாக்’ நன்றாகவே ஓடியது. 1974-ல் ‘ரோட்டி’, ‘ஆப் கீ கசம்’, தெலுங்கிலிருந்து நம்ம ‘வசந்த மாளிகை’யாக வந்த அதே கதை இந்திக்குப் போன ‘பிரேம் நகர்’ மூன்றும் தேறின. சறுக்கல் அதற்குப் பிறகுதான், ‘மெஹபூபா’ மாதிரி படங்கள் வரிசையாகப் படுத்தபோது.

காலை ஷிஃப்டுக்கு மதியம் தாண்டி வருவது, தயாரிப்பாளர்களை வரவேற்பறையில் உட்கார வைப்பது, ராத்திரி முழுக்க ஆசீர்வாத்தில் தர்பார். அந்த தர்பாரில் ஒருத்தனாவது, ‘காகா, இந்தத் தலையைச் சாய்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறதை ஆறு வருஷமாகச் செய்கிறோம், நாடு வேலை கிடைக்காத கோபத்தில் இருக்கிறது’ என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லியிருந்தால் அடுத்த நாள் அவனுக்கு விஸ்கி கிடையாது. வெளியே நின்ற விசிறிகள் வேறு தியேட்டருக்குப் போனது துரோகம் இல்லை, டிக்கெட் அவர்கள் காசு. உள்ளே இருந்தவர்கள் வீசிய காற்றில்தான் மனிதர் கண் அயர்ந்தார்.

(தொடர்ந்து 15 ஹிட்டா, 17 ஹிட்டா என்று தயவுசெய்து யாரும் கார்டு போடாதீர்கள். 17 என்பவர்கள், ஷம்மி கபூர் ஹீரோவாக நடித்து இவர் கொஞ்ச நேரமே வந்த ‘அந்தாஸை’யும் சேர்த்து எண்ணுகிறார்கள். வசூல் கணக்குப் பேசுகிறவர்களோடு நான் பழக்கம் வைத்துக்கொள்வதில்லை.)

1983-ல் ‘அவ்தார்’, ‘சௌதன்’ என்று மறுபடி எழுந்தார். 1991 தேர்தலில் புதுதில்லியில் அத்வானியையே 1,589 ஓட்டு வித்தியாசத்துக்குக் கொண்டுவந்து திணறடித்தார். அடுத்த வருஷ இடைத்தேர்தலில் சத்ருகன் சின்ஹாவைத் தோற்கடித்து எம்.பி. ஆனார்.

இப்போது உங்கள் ‘விசிறி’க்கு வருகிறேன், விட்டுவிட்டேன் என்று நினைத்தீர்களா? 2012-ல், உடம்பு மிகவும் மெலிந்துபோன நிலையில் அவர் ஒரு விளம்பரத்தில் வந்தார். ஹேவல்ஸ் மின்விசிறி விளம்பரம். எடுத்தவர் பால்கி. ‘என் ஃபேன்களை என்னிடமிருந்து யாராலும் பறிக்க முடியாது’ என்று காகா சொல்ல, மேலே ஃபேன்கள் சுற்றும். பெரிய நடிகரை இப்படிக் கேலிப்பொருளாக்கலாமா என்று பலர் கொதித்தார்கள். எனக்கென்னவோ அந்த ஜோக்கை அங்கே இருந்தவர்களிலேயே அவர்தான் நன்றாகப் புரிந்துகொண்டு நடித்தார் என்று தோன்றியது. குரல் தளர்ந்திருந்தது, தலைச்சாய்ப்பு அப்படியே இருந்தது. அதே வருஷம் ஜூலை 18-ல் போய்விட்டார். இறுதி ஊர்வலத்துக்கு மும்பை மழையில் அவ்வளவு கூட்டம், எல்லாம் வெளியே நின்ற வகை.

எங்கள் அலுவலக ஃபேன் மூன்று நாளாக ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் இப்போதுதான் வந்திருக்கிறார், ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். ஏணியின் காலைப் பிடிப்பது காக்கா பிடிப்பதில் சேருமா என்று தமிழாசிரியர் ஐயா எட்டாவது கார்டில் தெரிவிக்கவும்.