‘ஃபைன்’ என்று வந்த பதில் பாராட்டா?

கேள்வி: ஒரு நிறுவனத்தில் அறிக்கைகள் தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். மேலாளருடன் தொடர்பு முழுவதும் மின்னஞ்சலில், ஆங்கிலத்தில்தான். நான் அனுப்பும் ஒவ்வோர் அறிக்கைக்கும் அவர் ‘இட் இஸ் ஃபைன்’ என்று பதில் எழுதுவார். அகராதியில் ‘மிகச் சிறந்த, உயர்தரமான, நேர்த்தியான’ என்று பொருள் இருந்ததால், ‘பாராட்டுக்கு நன்றி’ என்று நானும் தவறாமல் பதில் அனுப்பி வந்தேன். இப்போது ஆண்டு மதிப்பீட்டில், ‘அறிக்கைகளின் தரம் உயர வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார். அகராதி தவறா, அவர் மாற்றிப் பேசுகிறாரா? ஒரே சொல்லுக்கு இருக்கும் இத்தனை பொருள்களை எப்படிக் கற்பது? முப்பது நாள் சொற்பயிற்சி வகுப்பு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?

பதில்: அகராதி தவறில்லை, உங்கள் மேலாளரும் மாற்றிப் பேசவில்லை. நீங்கள் அகராதியில் படித்தது, அந்தச் சொல் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதைச் சிறப்பிக்கும்போது தருகிற பொருள். மேலாளர் எழுதியதோ, ‘இஸ்’ என்பதற்குப் பின்னால் வாக்கியத்தின் கடைசியில் தனியாக வந்து நிற்கிற ‘ஃபைன்’. அந்த இடத்தில் அது பாராட்டு அன்று. ‘எனக்கு ஆட்சேபம் இல்லை, இது போதும்’ என்கிற அளவிலான ஒப்புதல். தமிழில் அதற்கு நேரான சொல் ‘சிறந்தது’ அன்று, ‘பரவாயில்லை’. உங்கள் அறிக்கையைப் படித்த ஒருவர் தமிழில் ‘பரவாயில்லை’ என்று சொல்லியிருந்தால் நீங்கள் நன்றி சொல்லியிருக்க மாட்டீர்கள்; எங்கே குறை வைத்தோம் என்று அன்றைக்கே யோசித்திருப்பீர்கள்.

அவர் ‘எ ஃபைன் ரிப்போர்ட்’ என்று எழுதியிருந்தால் அது உண்மையான பாராட்டு. மேலாளர்கள் எளிதில் எழுதாத பாராட்டும்கூட. ‘தி ரிப்போர்ட் இஸ் ஃபைன்’ என்றால், அறிக்கை வந்து சேர்ந்தது, வேலைக்கு ஆகும், அவ்வளவே. இரண்டிலும் சொல் அதேதான், அறிக்கையும் அதேதான். சொல் நிற்கிற இடம் மாறியதும் மதிப்பும் மாறிவிட்டது. உங்கள் மேலாளர் ஆண்டு முழுவதும் ‘பரவாயில்லை’ என்று எழுதிவிட்டு, ஆண்டின் முடிவில் ‘பரவாயில்லை என்கிற நிலையிலிருந்து மேலே வாருங்கள்’ என்று சொல்லியிருக்கிறார்.

‘பரவாயில்லை’ என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டால் இன்னொரு குழப்பமும் தீர்ந்துவிடும். ‘இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமா?’ என்று கேட்பவரிடம் ‘ஐ ஆம் ஃபைன்’ என்றால், வேண்டாம் என்று பொருள். நாமும் ‘இருக்கட்டும், பரவாயில்லை’ என்றுதான் மறுப்போம். ‘கூட்டத்தைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாமா?’ என்பதற்கு ‘மண்டே இஸ் ஃபைன்’ என்று பதில் வந்தால், சம்மதம். ஒரே சொல் ஓரிடத்தில் மறுப்பாகவும் இன்னோரிடத்தில் இசைவாகவும் நிற்பதைக் கண்டு ஆங்கிலத்தின் மேல் கோபப்பட வேண்டியதில்லை. நம்முடைய ‘நல்ல’ என்ற சொல்லைப் பாருங்கள். நல்ல மனிதர் என்றால் குணம். நல்ல வெயில் என்றால் கடுமை. நல்ல அடி என்றால் பலம். நல்ல தண்ணீர் என்றால் உப்பில்லாதது. நல்ல பாம்பு என்றால் எட்ட நிற்க வேண்டியது. இவற்றை எந்தப் பட்டியலைப் பார்த்தும் நாம் மனப்பாடம் செய்யவில்லை. பக்கத்தில் நிற்கிற சொல்லோடு சேர்த்தே கேட்டுப் பழகினோம்.

‘ஃபைன்’ இப்படிக் கிளை விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. முடிவு என்று பொருள்படும் லத்தீன் சொல் ‘ஃபீனிஸ்’. அதிலிருந்து வந்த பழைய பிரெஞ்சு வடிவம், முடிவுவரை கொண்டு செல்லப்பட்டது, அதாவது இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லாதபடி முழுமை பெற்றது என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முழுமை பெற்றது என்பதால் உயர்ந்தது. கசடு நீக்கப்பட்டது என்பதால் தூய்மையானது. திரும்பத் திரும்ப அரைத்துச் சலித்தது என்பதால் பொடியானது, மெல்லியது, நுட்பமானது. தங்கத்தின் தூய்மையை ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டு ‘ஃபைன்னஸ்’ என்று குறிக்கிறார்களே, அது இந்தத் தூய்மைப் பொருள்தான்: 24 பங்கில் 22 பங்கு தங்கம் இருந்தால் 916, 18 பங்கு இருந்தால் 750. நாம் அபராதத்துக்குச் சொல்கிற ‘ஃபைன்’ என்ற பெயர்ச்சொல்லும் அதே வேரில் பிறந்தது. பணத்தைக் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொள்வது என்பதிலிருந்து அந்தப் பொருள் வந்தது. இந்த வரலாற்றை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவையில்லை. ‘உயர்ந்த’ என்பதைப் போலவே ‘மெல்லிய, நுண்ணிய’ என்பதும் அந்தச் சொல்லின் முதன்மையான பொருள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், ஏனென்றால் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் நேர்ந்தது ஒரு மனவருத்தம் மட்டுமே. இந்த நுண்மைப் பொருளைத் தவறவிட்டவர்கள் அதைவிடப் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு தம்பதியர் தங்கள் குழந்தையின் வளர்ச்சி குறித்த மதிப்பீட்டு அறிக்கையையும், அதற்கு ஒரு முகவர் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த தமிழாக்கத்தையும் என்னிடம் கொண்டுவந்தார்கள். தமிழாக்கத்தில், ‘குழந்தையின் சிறந்த இயக்கத் திறன்கள் தாமதமாகின்றன’ என்று அச்சிட்டு, கீழே முத்திரையும் குத்தியிருந்தது. சிறந்த திறன் இருக்கிறது என்று எழுதியிருக்கும்போது கவலைப்பட என்ன இருக்கிறது என்று மூன்று மாதங்களாக அவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். மூலத்தில் இருந்தது ‘ஃபைன் மோட்டார் ஸ்கில்ஸ்’. பென்சிலைப் பிடிப்பது, பொத்தானைப் போடுவது, மணியைக் கோப்பது போன்ற, விரல்களின் சிறு தசைகளால் செய்கிற நுண் இயக்கத் திறன் அது. அதில் தாமதம் என்றால் பயிற்சி தொடங்க வேண்டும் என்று பொருள். மென்பொருளில் போட்டு எடுத்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்துகிற இந்த முகவர்களைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. முத்திரைக்கும் மொழியறிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மருத்துவம், ஒப்பந்தம், கல்வி தொடர்பான எந்தத் தமிழாக்கத்தையும், மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி விளக்கிச் சொல்லக்கூடிய ஒருவரிடம் காட்டாமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அப்படி விளக்க மறுக்கிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இதே வகையில்தான் காற்று மாசு பற்றிய குறிப்புகளில் ‘ஃபைன் பார்ட்டிகிள்ஸ்’ என்பது ‘சிறந்த துகள்கள்’ ஆகிவிடுகிறது. விட்டம் 2.5 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருக்கிற, நுரையீரலின் ஆழம்வரை இறங்கக்கூடிய நுண்துகள்களுக்கு அந்தப் பெயர்; அவற்றில் சிறப்பு எதுவும் இல்லை. ஒப்பந்தத்தின் அடியில் இருக்கும் ‘ஃபைன் பிரிண்ட்’ அழகான அச்சும் அன்று, பொடி எழுத்து. ‘அது வெறும் ஃபைன் பிரிண்ட் தான், கையெழுத்துப் போடுங்கள்’ என்று விற்பவர் சொன்னால், முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

இந்தக் குழப்பத்துக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல், நடுவில் ஒரு கோடு என்று பல ஆண்டுகள் எழுத வைத்து, ‘பொருள் தருக’ என்று கேட்டு, ஒரு மதிப்பெண் போட்டு அனுப்பிய கல்விமுறை செய்த வேலை இது. ‘ஃபைன்’ என்பதற்கு ஒரு மாணவர் ‘மெல்லிய’ என்று எழுதினால் விடைக்குறிப்பில் இல்லை என்று சுழித்துவிடுவார்கள். ‘எந்த வாக்கியத்தில்?’ என்று திருப்பிக் கேட்கிற மாணவரே மொழியைச் சரியாகப் புரிந்துகொண்டவர். ஆனால் அந்தக் கேள்விக்கு விடைத்தாளில் இடம் கிடையாது.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் உயர்வு அல்லது நுண்மை, ‘இஸ்’ அல்லது ‘ஆம்’ என்பதற்குப் பின்னால் வந்தால் ‘பரவாயில்லை’ என்று வைத்துக்கொண்டால், அன்றாடத் தேவைக்குப் போதும். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். முடி, நூல், மணல், மாவு, ஊசி, சல்லடைக் கண் என்று பருமனால் அளக்கப்படுகிற பொருள்களைப் பற்றிப் பேசும்போது, வாக்கியத்தின் கடைசியில் நின்றாலும் ‘ஃபைன்’ மெல்லியது என்ற பொருளைத் தரக்கூடும். முடி திருத்துபவர் ‘யுவர் ஹேர் இஸ் ஃபைன்’ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடி நன்றாக இருக்கிறது என்று எண்ணி நீங்கள் மகிழ்கிறீர்கள். அவரோ ஒவ்வொரு மயிரிழையும் மெல்லியதாக இருக்கிறது, அதனால் கனமான எண்ணெய்ப் பசை வேண்டாம் என்று சொல்ல வருகிறார். தலையில் முடி குறைவு என்றும் அவர் சொல்லவில்லை. இழை மெல்லியதாக இருந்தும் முடி அடர்த்தியாக இருக்கலாம். குறைவு என்று சொல்ல நினைத்திருந்தால் ‘தின்’ என்றிருப்பார்.

எது எந்தப் பொருள் என்று அறிய, ‘வெரி’ என்பதை முன்னால் சேர்த்துப் பாருங்கள். ‘யுவர் ஹேர் இஸ் வெரி ஃபைன்’ என்பது இயல்பாக ஒலிக்கும், அப்படியானால் மெல்லியது. பரவாயில்லை என்ற பொருளில் வரும் ‘ஃபைன்’ கூடுதல் குறைவை ஏற்காது. அதனால்தான் நலம் விசாரித்தவரிடம் ‘ஐ ஆம் வெரி ஃபைன்’ என்று சொல்வது ஆங்கிலம் தாய்மொழியானவர் காதில் இடறுகிறது. ‘ஐ ஆம் ஃபைன்’ என்றோ, ‘வெரி வெல்’ என்றோ சொல்ல வேண்டும். ‘நேற்றைவிட ஃபைனர்’ என்பதும் அதே காரணத்தால் ஆகாது. அங்கே ‘பெட்டர்’ தான். இந்தச் சோதனையும் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு. ‘தி பவுடர் இஸ் ஃபைன்’ என்று ஆய்வுக்கூடத்தில் அரைத்துச் சலித்தவர் சொன்னால், பொடி மிக நுண்ணியதாக இருக்கிறது என்று பொருள். மாத்திரை தரட்டுமா, பொடி தரட்டுமா என்று கேட்கப்பட்டவர் அதையே சொன்னால், பொடியே போதும் என்று பொருள். அங்கே வாக்கியத்தை எத்தனை முறை படித்தும் பயனில்லை. அதற்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வியைத் தேடிப் படிக்க வேண்டும். (மாவை நுண்ணியதாக அரைப்பதற்கு நாம் ‘நைஸாக’ என்கிறோம், ஆங்கிலத்தில் அதற்கு ‘ஃபைன்’ தான் வரும், ‘நைஸ்’ வராது.)

அடுத்து வகுப்பு. சேர வேண்டாம். முப்பது நாளில் மூவாயிரம் சொற்கள் என்று விற்கிறவர்கள், பள்ளியில் போட்ட அதே நடுக்கோட்டைப் பளபளப்பான தாளில் போட்டுத் தருகிறார்கள். ‘ஃபைன்’ போன்ற எளிய சொற்களைக் கைவிட்டு, யாரும் பேசாத பெரிய சொற்களைப் பயன்படுத்தினால் மதிப்புக் கூடும் என்றும் சொல்லித் தருவார்கள்; அந்த அறிவுரையைக் கேட்டு எழுதிய விண்ணப்பங்களைப் படித்து நான் தலையில் கை வைத்திருக்கிறேன். சான்றிதழ் தருவதாகச் சொன்னால் இன்னும் தள்ளி நில்லுங்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிற, கற்போருக்கான ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்றை வாங்குங்கள். ஒரு சொல்லைத் தேடும்போது முதல் பொருளோடு நிறுத்தாமல், உங்கள் கையில் உள்ள வாக்கியத்தைப் போலவே அமைந்த எடுத்துக்காட்டு எந்த எண்ணின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். ‘ஃபைன்’ பற்றி நான் இங்கே எழுதியதில் பெரும்பகுதி அந்த ஒரு பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

மேலாளர் விஷயத்தில், இதுவரை அனுப்பிய நன்றிகளைப் பற்றி விளக்கம் எழுத வேண்டாம். அவர் அவற்றை மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருப்பார். அவர் அனுப்பும் வரைவுகளுக்கு நீங்கள் ‘ஃபைன்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், மேலிடத்தில் இருப்பவர் காதில் அது சலிப்போடு தலையாட்டியதைப் போல விழும். அடுத்த அறிக்கைக்கும் ‘இட் இஸ் ஃபைன்’ என்று வந்தால், நன்றிக்குப் பதிலாக, ‘இதில் எந்த இரண்டு பகுதிகளை நான் திருத்தினால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?’ என்று கேளுங்கள். எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்பது முக்கியம். ‘ஏதாவது திருத்தம் உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘நோ, இட் இஸ் ஃபைன்’ என்று மறுபடியும் அதே பதில்தான் வரும். அவர் சுட்டிய இரண்டையும் திருத்தி அனுப்பிய பிறகு ‘மச் பெட்டர்’ என்று எழுதினாரானால், அதற்குத் தாராளமாக நன்றி சொல்லலாம்.