நோட்டில் ஒரு அரிவாள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதி, அருகில் அரிவாள் வரைந்திருக்கிறான். ‘விளையாட்டுப் பிள்ளை, விடுங்க டீச்சர்’ என்கிறார் தலைமையாசிரியர். எனக்கோ பயம்.
- பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: விடாதீர்கள். 2012-ல் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். வீட்டுக்கு எழுதி அனுப்பிய குறிப்புகள்மேல் கோபம் என்று அப்போது செய்தி வந்தது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது நிற்காது. அப்புறம், வகுப்பில் நோட்டைத் தூக்கிக் காட்டி அவனை அவமானப்படுத்திவிடாதீர்கள். அவனிடம் பேச வேண்டியவர் நீங்கள் அல்ல, அவன் மதிக்கிற வேறொருவர், பெரும்பாலும் பி.டி. சார்தான். வீட்டில் அடி விழுகிறதா என்று கேட்கட்டும். ஆமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.