மெடிக்கல் எய்டை நிறுத்திவிடலாமா?

கேள்வி: அக்கா, என் கணவர் முப்பது ஆண்டுகளாக மெடிக்கல் எய்டுக்கு, அதாவது தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கு, பணம் கட்டி வருகிறார். இப்போது ஓய்வூதியத்திலும் பெரும்பகுதி அதற்கே போகிறது. எல்லோருக்கும் பொதுவான அரசுக் காப்பீடான என்.எச்.ஐ. வந்தால் மெடிக்கல் எய்டே இருக்காது என்கிறார்கள். இப்போதே நிறுத்திவிடலாமா? அரசு மருத்துவமனை வரிசையில் போய் நிற்கத்தானா இத்தனை காலம் கட்டினோம்?
— வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: நிறுத்தாதீர்கள், தங்கச்சி. என்.எச்.ஐ. என்னும் தேசிய நலவாழ்வுக் காப்பீட்டுச் சட்டத்தில் நம் தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசா 2024 மே 15 அன்று கையெழுத்திட்டது உண்மை. கையெழுத்து வேறு, நடைமுறை வேறு. திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது என்று அமைச்சர் அறிவித்த பிறகுதான் அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு மெடிக்கல் எய்டின் கையைக் கட்டும். அப்போதும், என்.எச்.ஐ. நிதியம் தராத சேவைகளுக்கு மெடிக்கல் எய்ட் இருக்கும். ஆனால் நீங்கள் இன்று நிறுத்தி, மூன்று மாதத்துக்கு மேல் கழித்துத் திரும்பச் சேர்ந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம்வரை காத்திருக்க வைப்பார்கள்.

உங்கள் கடைசி வரிக்குத்தான் நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். டர்பனில் அரசுச் செவிலியாக இருந்தவள் நான். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வெளியே வரும்போது, வாசலில் மடக்கு நாற்காலியும் கம்பளியுமாகப் பாட்டிமார் உட்கார்ந்திருப்பார்கள். இந்த நாட்டில் நூறு பேரில் பதினாறு பேருக்குத்தான் மெடிக்கல் எய்ட். மருத்துவத்துக்குச் செலவாகும் பணத்தில் ஏறத்தாழ பாதி அந்தப் பதினாறு பேருக்கே போகிறது. மீதிப் பேர்தான் நீங்கள் அஞ்சும் அந்த வரிசை.

சூப்ரமணி வழக்கு நினைவிருக்கிறதா? நம் டர்பன்காரர், 41 வயது, சர்க்கரை நோயாளி, சிறுநீரகம் செயலிழந்தவர். கையில் பணம் இருந்தவரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். பணம் தீர்ந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போனார். இருந்த இயந்திரங்கள் போதவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே முதலிடம் என்றார்கள். அரசியல் சாசன நீதிமன்றம்வரை போனார். 1997 நவம்பரில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. சில நாட்களில் இறந்துபோனார். அவரும் ஒரு காலத்தில் பணம் கட்டியவர்தான், தங்கச்சி. என் தம்பி வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய மாதமே அவனுடைய மெடிக்கல் எய்டும் போயிற்று. அன்றிலிருந்து அவனும் வரிசையில்தான் நிற்கிறான்.

என்.எச்.ஐ. புதிய யோசனையும் அல்ல. வரிப்பணத்தில் எல்லோருக்கும் ஒரே மருத்துவ சேவை வேண்டும் என்று 1944இலேயே குளக்மன் ஆணையம் எழுதிக் கொடுத்தது. 1948இல் வந்த நிறவெறி ஆட்சி அதைத் தூக்கிப் போட்டது. அன்றே தொடங்கியிருந்தால்!

ஆகவே திட்டத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பணப்பெட்டிச் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதில் எனக்கு நிம்மதி இல்லை. நிதியத்தின் நிர்வாகக் குழுவை அமைச்சரே நியமிக்கிறார். இது தவறு என்றே சொல்வேன். ஹௌடெங் மாகாணச் சுகாதாரத் துறையில் கணக்குப் பார்த்த பபிதா தேவ்கரன், தெம்பிசா மருத்துவமனையின் பேரில் போன சந்தேகமான பணத்தை நிறுத்தச் சொன்னார். 2021 ஆகஸ்டில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பியபோது வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவரைப் போன்றவர்களுக்குக் காவல் இல்லாமல் இவ்வளவு பெரிய பெட்டியைத் திறக்கக் கூடாது. உங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்தால் மெடிக்கல் எய்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

கேள்வி: பேத்திக்கு நான்கு வயது. மெடிக்கல் எய்ட் கிடையாது. அரசு கிளினிக்கில் பணம் கேட்பார்களா?
— வாசகர், டொங்காட்

பதில்: கேட்கக் கூடாது, ஐயா. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலவசம் என்று மண்டேலா 1994 மே மாதமே அறிவித்துவிட்டார். தடுப்பூசிப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.